மூச்சுப் படும் தூரம்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

போய் இறங்கி இவ்வளவு நாளாகியும் உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. அண்ணன் மட்டும் போனில் "வந்து சேர்ந்தாச்சு, வீடு பரவாயில்ல, தண்ணி வருது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நாம் இரண்டு பேரும் நிம்மதியாகப் பேசலாம் என்றால் அம்மா ரிசீவரைப் பிடுங்கிக்கொள்கிறாள். அதனால் இனிமேல் கடிதம்தான். பதில் போடாமல் டிமிக்கி கொடுத்தால் நேரில் வந்து நிற்பேன்.

ஆய்வகத்தில் நம் மேசையில் உங்கள் பக்கம் காலியாகவே இருக்கிறது. அங்கே யாரும் உட்காரக்கூடாது என்று என் பையை வைத்திருக்கிறேன். பேசுவதற்கு ஆள் இல்லாமல் நுண்ணோக்கிக்குக் கீழே இருப்பவர்களிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். "எழுந்திருங்கடா, விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு" என்று பக்கத்து அறைவரை கேட்கிற மாதிரிச் சத்தம் போடுகிறேனாம். நம் ஆய்வகப் பெரியவர் புகார் சொன்னார்.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். என் ஆய்வேட்டைக் குழுவின் முன் வைக்கப் போகிறார். ஆனால் முடிவு வேறொரு ஆய்வகத்திலும் வர வேண்டுமாம். "உன் கையில மட்டும் வந்தா அது மந்திரம், இன்னொருத்தர் கையிலயும் வந்தாத்தான் அறிவியல்" என்கிறார். உடனே உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன். இத்தனை காலம் ஒரே மேசையில் வேலை செய்த அண்ணி இருக்கும்போது நான் எதற்கு ஊர் பேர் தெரியாதவர்களிடம் போய் நிற்க வேண்டும்?

அண்ணனுக்கும் படித்துக் காட்டுங்கள், அவருக்காகத்தான் எளிமையாக எழுதுகிறேன். வெட்டிய கடாவின் விதையிலிருந்து எடுக்கும்போது விந்தணுக்கள் செத்த மாதிரிக் கிடக்கும். சாகவில்லை, தூங்குகின்றன. ஒவ்வொன்றின் வாலுக்குள்ளும் மெல்லிய குழாய்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. குழாய்களில் குட்டிக் குட்டிக் கைகள். அந்தக் கைகள் பக்கத்துக் குழாயைப் பற்றி இழுத்தால் வால் வளையும், அணு நீந்தும். இழுக்கத் தெம்பு இருக்கிறது. 'இழு' என்று உத்தரவுதான் வரவில்லை. உத்தரவைக் கொண்டுபோவது சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சின்ன மூலக்கூறு. அணுவுக்குள்ளேயே ஒரு நொதி அதைத் தயாரிக்கும். நானும் அண்ணியும் அதைத் தூதன் என்போம். காஃபீன் போட்டால் தூதன் அழியாமல் உள்ளே சேர்ந்து சேர்ந்து வால் எழும். அது ஊரறிந்த விஷயம்.

என்னுடையது அதுவல்ல. உப்பும் சர்க்கரையும் கலந்த வெறும் கரைசலில் கொஞ்ச நேரம் விட்டுவைத்தால், வெளியிலிருந்து யாரும் எதுவும் கொடுக்காமல், தானாகவே தூதன் உள்ளே உருவாகி அவை எழுகின்றன. தானாகவே! ஆய்வேட்டின் உயிர் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

செய்முறை இன்னொரு தாளில். சீக்கிரம் செய்து பாருங்கள்.

உங்கள் வாயாடி

*

ஜனவரி 24

என் வாயாடிக்கு,

கோபித்துக்கொள்ளாதே. வீட்டை ஒதுங்க வைப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிட்டது. உன் அண்ணன் உதவி செய்கிறேன் என்று வந்து, மேலே வைக்க வேண்டியதைக் கீழேயும் கீழே வைக்க வேண்டியதை மேலேயும் வைத்துவிட்டு, களைத்துப்போய்ப் படுத்துவிட்டார்.

புது வேலை பற்றி என்ன எழுத? எல்லாம் பளபளவென்று இருக்கிறது. யாரும் யாரிடமும் பேசுவதில்லை. மூக்கையும் வாயையும் மூடித் துணி கட்டிக்கொள்ளாமல் உள்ளே கால் வைக்க முடியாது. தட்டை வெளியே வைத்துத் திறக்கவும் கூடாது. முன்பக்கம் கண்ணாடி இறங்கிய ஒரு பெட்டிக்குள் கையை மட்டும் விட்டு வேலை செய்ய வேண்டும். உள்ளே எந்நேரமும் சுத்தமான காற்று வீசிக்கொண்டே இருக்கும். முதல் நாள் வாய் தவறிப் பாட்டு முணுமுணுத்துவிட்டேன். ஆய்வகத் தலைவி திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான், பாட்டு தொண்டையோடு நின்றுபோனது. நான் இன்னும் தற்காலிகம்தான் என்பதை மறந்துவிடாதே. ஆண்டு முடிவில்தான் வைத்துக்கொள்வார்களா அனுப்பிவிடுவார்களா என்று தெரியும்.

உன் வேலையைச் செய்தேன். இங்கேயும் கறிக்கடைக்காரர் ஒருவரைப் பிடித்துவிட்டேன். எதற்கு என்று கேட்டார். ஆராய்ச்சிக்கு என்றேன். மனிதர் அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தே பேசுவதில்லை.

சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. எழவில்லை. நீ எழுதிய நேரத்தைவிடக் கூடுதலாகவே காத்திருந்தேன். ஒன்றிரண்டு வால் லேசாக நடுங்கியதோடு சரி. அணுக்கள் செத்துவிட்டனவோ என்று காஃபீன் ஒரு துளி விட்டேன், மொத்தமும் எழுந்து ஓடியது. ஆக, அணுக்களில் குறையில்லை.

செய்முறைத் தாளில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா? தண்ணீர் எது, கண்ணாடித் தட்டா பிளாஸ்டிக்கா, கரைசலில் கால்சியம் எவ்வளவு, எல்லாம் எழுது. பயப்படாதே. எங்கோ சின்னதாகத்தான் இடிக்கிறது.

அத்தையிடம் கேட்டதாகச் சொல்.

அண்ணி

*

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

பயப்படாதே என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகுதான் பயம் வந்தது.

தண்ணீர் இரண்டு முறை காய்ச்சி வடித்தது. தட்டு கண்ணாடி. கால்சியம் நீங்கள் வைத்த அதே அளவு. அது கூடினால் வால் ஒரு பக்கமாகவே வளைந்து வட்டமடிக்கும், அது எனக்குத் தெரியாதா? என்னுடையவை வட்டமடிப்பதில்லை. நேர்கோட்டில் போகின்றன, பள்ளிக்கூடம் விட்ட மாதிரி.

வேறென்ன செய்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். தட்டைத் திறந்து வைப்பேன், மூடினால் மூடியில் நீர் கோத்துக்கொண்டு எதுவும் தெரிவதில்லை. குனிந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன், எழுந்துபோக மனம் வராது. சும்மா உட்கார என்னால் முடியாது என்பது உங்களுக்குத் தெரியும், அதனால் பேசிக்கொண்டிருப்பேன். அவ்வளவுதான். பேச்சையெல்லாம் செய்முறையில் எழுத முடியுமா?

நீங்களே பார்த்திருக்கிறீர்களே அண்ணி! மழை கொட்டிக்கொண்டிருந்த அன்றைக்கு, வீட்டுக்குப் போக முடியாமல் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டோமே. நான் உங்களிடம் எதிர்வீட்டுக் கல்யாணக் கதை சொல்லிக்கொண்டே தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் என்னைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்து, "அடியே, எழுந்துடுச்சுடி!" என்று என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தீர்கள். அந்த அறை இன்னும் வலிக்கிறது.

இன்னொரு முறை செய்யுங்கள். அவசரப்படாமல் செய்யுங்கள். உங்கள் தலைவி முறைத்தால் திருப்பி முறையுங்கள்.

உங்கள் வாயாடி

*

பிப்ரவரி 21

என் வாயாடிக்கு,

மறுபடி செய்தேன், அதற்குப் பிறகும் ஒரு முறை செய்தேன். கடைசி முறை தலைவியே பக்கத்தில் நின்றாள். எழவில்லை.

பெரியவர் எனக்கு முறைப்படி கடிதம் எழுதியிருக்கிறார், உனக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. இரண்டு கேள்விகள். உங்கள் ஆய்வகத்தில் இந்த முடிவு வந்ததா, இங்கே இருந்தபோது உங்கள் கண்ணால் பார்த்தீர்களா. முதல் கேள்விக்கு ஒரே பதில்தான் இருக்கிறது. இரண்டாவதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே. ஒன்று கேட்க வேண்டும். நம் மேசையில் காஃபீன் புட்டியும் உன் கரைசல் புட்டியும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன. ஒரே குழலை இரண்டிலும் விட்டிருக்க வாய்ப்புண்டா? நீ தேநீர்க் கோப்பையை நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் வைக்கிறவள். தேநீரிலும் அது உண்டு. ஒரு சொட்டு தெறித்தால்கூடப் போதும். வேண்டுமென்றே என்று சொல்லவில்லை. ஆனால் எதுவும் கொடுக்காமல் எழுகிறது என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கிறது. உத்தரவு எங்கிருந்தோ வந்துதானே ஆக வேண்டும்?

நன்றாக யோசித்து எழுது. ஏதாவது நடந்திருந்தால் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

உன் அண்ணன் உன்னை விசாரித்தார்.

அண்ணி

*

மார்ச் 15

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டேன். அதற்குள் குழு கூடிவிட்டது. எனவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பெரியவரின் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். குழுவில் எல்லோரும் இருந்தார்கள். உங்கள் பதிலைச் சத்தமாகப் படித்தார்கள். முதல் கேள்விக்கு "வரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மை, அதில் எனக்கு வருத்தமில்லை. இரண்டாவது கேள்விக்கு "உறுதியாகச் சொல்ல இயலாது" என்று எழுதியிருக்கிறீர்கள். எதை உறுதியாகச் சொல்ல இயலாது அண்ணி? உங்கள் கண்ணையா, என் முதுகையா?

"சொந்த அண்ணியே இப்படி எழுதியிருக்காங்க. நீ என்னம்மா சொல்றே?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். நான் எதுவும் சொல்லவில்லை. பெரியவருக்கு மனசு கேட்கவில்லை. "பேச்சு வேணாம், எங்க கண் முன்னாடி ஒரு தடவ செஞ்சு காட்டு" என்றார். நல்ல மனிதர், எனக்கு ஒரு வழி திறந்துவிட்டார்.

காஃபீன் புட்டியை அறையிலிருந்தே எடுத்துக்கொண்டு போனார்கள். தேநீருக்குத் தடை. எல்லோரும் வாயில் துணி கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றார்கள், எனக்கும் ஒரு துணி கொடுத்தார்கள். மேசையைத் துடைத்து, புதிதாகக் கரைசல் செய்து, தட்டில் ஊற்றி, அணுக்களை விட்டேன். உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போதும் எழுகிற நேரம் வந்தது, போனது. அவர்கள் ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டு, போனார்கள். பெரியவர் கடைசியாகப் பார்த்தார். என் தோளைத் தட்டிவிட்டு அவரும் போய்விட்டார்.

என் மேல் குற்றம் எதுவும் எழுதவில்லையாம். "முடிவு ஐயத்துக்குரியது" என்று மட்டும் எழுதியிருக்கிறார்களாம். உதவித்தொகை இந்த மாதத்தோடு நிற்கிறது. நானே என் பொருட்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று எழுதிவிட்டு ஒன்று கேட்டீர்கள். தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். வேறெப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கரைசலில் என்ன கலந்தது என்று அங்கே உட்கார்ந்து தேடியிருக்கிறீர்கள். ஒரு ரயில் ஏறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று தோன்றவில்லை.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்

*

மார்ச் 22

என் வாயாடிக்கு,

நான் பொய் எழுதவில்லை. பார்த்தேன் என்று எழுதியிருந்தால் அடுத்த கேள்வி, அப்போது தட்டில் என்ன இருந்தது என்பதுதான். எனக்கு எப்படித் தெரியும்? தட்டைத் தயாரித்தது நீ. நான் வந்து எட்டிப் பார்த்தவள். நாத்தனாருக்காகச் சப்பைக்கட்டு கட்டுகிறாள் என்று ஒரு சொல் வந்துவிடக்கூடாது என்று நினைத்தேன். உறவு என்பதாலேயே கூடுதல் கறாராக இருக்க வேண்டியிருந்தது. என் இடத்தில் இருந்து பார்.

உன் அண்ணன் கடிதத்தைப் படித்துவிட்டு, "ஒரு கடா விஷயத்துக்கு ரெண்டு பேரும் இப்படி முட்டிக்கிறீங்களே" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை, அவருக்கும்தான்.

பதில் போடு.

அண்ணி

*

ஏப்ரல் 18

வாயாடி,

பதில் போடவில்லை நீ. பரவாயில்லை. இதைக் கிழிக்காமல் கடைசிவரை படி.

எழுந்துவிட்டது. என் கையில் எழுந்துவிட்டது. காஃபீன் இல்லை, தேநீர் இல்லை.

செவ்வாய்க்கிழமை இங்கே மின்சாரம் போய்விட்டது. கண்ணாடிப் பெட்டியின் காற்று நின்றுபோனது. எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். நான் மட்டும் உன் செய்முறையைத் தலைவிக்குத் தெரியாமல் இன்னொரு முறை செய்துகொண்டிருந்தேன். ஏன் செய்தேன் என்று கேட்காதே, விட முடியவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கிற பழைய நுண்ணோக்கி ஒன்று மூலையில் கிடக்கிறது. தட்டை அங்கே கொண்டுபோய், மூடியைத் திறந்து, வாய்த்துணியை முகவாய்க்கு இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். பையில் உன் மார்ச் மாதக் கடிதம் இருந்தது. எடுத்தேன்.

உன்னோடு சண்டை போட்டேன். கடிதத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, தட்டின் மேல் குனிந்துகொண்டு, உன் ஒவ்வொரு வரிக்கும் வாய்விட்டுப் பதில் சொன்னேன். "ஆமா, எனக்கு ரயில் ஏறி வரத் தெரியாது. இங்க லீவு யாரு குடுப்பா, உங்க அண்ணனா குடுப்பாரு? பெருசா முதுகுல அடிச்ச கதைய சொல்ல வந்துட்டா!" யாருமில்லாத அறையில் பைத்தியம் மாதிரி நீளமாகத் திட்டினேன். திட்டித் தீர்த்து மூச்சு வாங்கிக்கொண்டு கண்ணை வைத்துப் பார்த்தால், வால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அப்புறம் ஒன்று விலகிப் போனது. பிறகு தட்டு முழுக்க. நேர்கோட்டில், நீ எழுதின மாதிரியே.

கடிதம் கீழே விழுந்ததைக்கூடப் பிறகுதான் கவனித்தேன்.

அடுத்த நாளிலிருந்து விடாமல் செய்து பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தால் எழவில்லை. குனிந்து பேசினால் எழுந்தது. வாய்த்துணி கட்டிக்கொண்டு பேசினால் எழவில்லை. ஆக, காரணம் சத்தம் இல்லை. சைக்கிள் பம்பால் காற்றடித்தேன், எழவில்லை. உறிஞ்சு குழல் வழியாகக் கரைசலுக்குள் ஊதிவிட்டு அணுக்களை விட்டேன், எழுந்தது. மூச்சுதான் வாயாடி. நம் மூச்சில் இருக்கிற கரியமில வாயு கரைசலில் கரைந்து பைகார்பனேட் ஆகிறது. அது அணுவுக்குள் போய் நொதியைத் தட்டி எழுப்புகிறது, நொதி தூதனை அனுப்புகிறது, வால் எழுகிறது. கடைசியாகச் சுத்தமான பைகார்பனேட்டையே ஒரு சிட்டிகை போட்டேன். பேச்சே தேவைப்படவில்லை, உடனே எழுந்தன.

இதை ஏற்கெனவே யாரோ கண்டுபிடித்து எழுதியும் வைத்திருக்கிறார்கள். நூலகத்தில் ஒரு பழைய இதழில், ஒருவரும் புரட்டாத பக்கங்களில். நீயும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை, பெரியவரும் படிக்கவில்லை.

தானாக எழுகிறது என்று நீ எழுதியது தப்பு. ஆனால் பொய் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை நான் அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும். நீ எதையோ கலந்துவிட்டாய் என்று தேடினேன். நீ கலந்தது உன் மூச்சு. பேசிக்கொண்டே இருப்பேன் என்று உன் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். அதைப் படித்துச் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

மார்ச் மாதம் உன் இடத்தில் இருந்து பார்க்காமல், என் இடத்தில் இருந்து பார் என்று உனக்கு எழுதினேன். கறாராக இருந்தேன் என்று சொன்னேன். கறாராக இருந்திருந்தால் மழை நாளில் பார்த்தேன் என்று எழுதியிருப்பேன். நான் பயந்தேன். வேலைக்குப் பயந்தேன், பேச்சுக்குப் பயந்தேன். உன்னை எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் தெரியாதவள் மாதிரி எழுதினேன்.

பெரியவருக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். மழை நாளில் என் கண்ணால் பார்த்ததையும், அதை மறைத்ததையும் சேர்த்துத்தான். தலைவியிடமும் சொன்னேன். அவள் என்ன செய்தாலும் செய்துகொள்ளட்டும். பெரியவர் உன்னைத் திரும்பக் கூப்பிடுவார். போ. வாய்த்துணி கட்டாதே. பேசு.

பேசுகிற மூச்சே போதும் என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை, அதைக் கட்டுரையாக எழுதினால் நம் இரண்டு பேர் பெயரிலும் எழுதலாம். நீ சொல்கிறபடி.

அண்ணி

*

மே 6

என் வாயாடிக்கு,

நான் எழுதியது கிடைத்ததா? பெரியவர் கூப்பிட்டுவிட்டதாக எழுதியிருக்கிறார். போகிறாயா?

இங்கே என்னை அனுப்பவில்லை. தலைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பார்த்ததைப் பார்த்தேன்னு எழுதறதுக்கு உங்களுக்கு இவ்வளவு நாளாச்சா?" என்று மட்டும் கேட்டாள். எந்தப் பயத்துக்காக உன்னைக் கைவிட்டேனோ அந்தப் பயமே வீண் என்று ஆகிவிட்டது. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு வரி போடு. திட்டியாவது எழுது.

அண்ணி

*

மே 27

அன்புள்ள அண்ணிக்கு,

கிடைத்தது. இரண்டும் கிடைத்தது. உடனே பதில் எழுதவில்லை.

இப்போது பால் பண்ணையில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். பால் திரிந்ததா, தண்ணீர் கலந்ததா என்று பார்க்கிற வேலை. காலையில் போனால் மதியத்துக்குள் முடிந்துவிடும். இங்கேயும் வாயைக் கட்டிக்கொண்டுதான் வேலை, எனக்கும் அதுதான் சௌகரியமாக இருக்கிறது. அம்மாவுக்கு இப்போது எல்லாம் தெரியும். உங்களைப் பற்றி அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பெரியவர் கூப்பிட்டார், போனேன். அதே அறை, அதே ஆட்கள். இந்த முறை வாய்த்துணி அவர்களுக்கு மட்டும்தான். தட்டைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். "பேசும்மா" என்றார் பெரியவர். என்ன பேசுவது? அந்த மேசையில் உட்கார்ந்தால் என் வாயை நிறுத்த ஆள் வேண்டும் என்பீர்களே, அன்று ஒரு வார்த்தை வரவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். எதிர்ச் சுவரில் ஆய்வக விதிகள் எழுதிய பலகை இருந்தது. அதைப் படித்தேன். ஆய்வகத்தினுள் உண்ணுதல் கூடாது, பருகுதல் கூடாது, அனுமதியின்றிப் பொருட்களை வெளியே எடுத்துச் செல்லக் கூடாது. படித்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன். எழுந்துவிட்டன. பெரியவர் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். முன்பு கேள்வி கேட்டவர் என்னிடம் வந்து, "மன்னிச்சுக்கோம்மா" என்றார். பழைய தீர்மானத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்கள். உதவித்தொகையும் திரும்ப வரும் என்றார்கள்.

நான் திரும்பப் போகவில்லை. கோபத்தில் சொல்லவில்லை. என் ஆய்வேட்டின் உயிர் அந்தத் 'தானாகவே' என்ற சொல்லில் இருந்தது, அது போய்விட்டது. புதிதாக ஒன்றைத் தொடங்க அந்த மேசைக்குப் போய் நின்றால், உங்கள் பக்கம் காலியாகக் கிடக்கும் நாற்காலியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன்.

கட்டுரையில் என் பெயரைப் போடுங்கள். முதலில் போடுங்கள். பரிதாபப்பட்டுப் போட வேண்டாம், அது எனக்குச் சேர வேண்டியது. உங்கள் பெயர் அடுத்து வரட்டும், ஊதிப் பார்த்தது நீங்கள்தான்.

திட்டியாவது எழுது என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றே ஒன்று சொல்கிறேன், அதோடு விட்டுவிடுங்கள்.

மார்ச் மாதம் அந்த அறையில் நான் ஏன் பேசவில்லை என்று நீங்கள் கேட்கவே இல்லை. கோபம் என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் பதிலை அவர்கள் படித்து முடித்தபோது எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. அண்ணி பார்த்தார், பார்த்துவிட்டு உறுதியாகத் தெரியாது என்கிறார் என்று சொல்லியிருக்கலாம். தட்டின் மேல் குனிந்தபோது தொண்டைவரை வந்தது. ஆனால் வெளி ஆட்கள் முன்னால், எங்கள் வீட்டுக்கு வந்தவரை, பொய் சொல்கிறவர் என்று என் வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரியவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். புலம்பலாகக்கூட ஒரு சொல் வந்துவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிகிறது. அன்று அந்தத் துணியை இழுத்துவிட்டு, உங்களை வாய்விட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால் போதும் அண்ணி. எல்லாம் எழுந்து நீந்தியிருக்கும்.

உங்களை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

வாயாடி